ஆசையும் ஊக்கமும்

சென்ற ஆண்டு வைசாகப் பௌர்ணமியன்று கோலார் தங்கவயலில் நடைபெற்ற நமது பாடக் கூட்டத்தின் முடிவில், பின்வரிசையில் அமர்ந்திருந்த உபாசகர் ஒருவர் எழுந்து இரு கேள்விகள் கேட்டார். "ஐயா, ஆசையே துக்கத்திற்குக் காரணம் என்று மாதந்தோறும் ஓதுகிறோம். எனக்கோ இப்போதுள்ள வேலையை விட்டு வேறு வேலைக்குப் போகவேண்டும் என்னும் ஆசை ஓயாமல் இருக்கிறது. திரிசரணம் எடுத்தவனுக்கு இது தவறா? தவறில்லையென்றால், இவ்வளவு ஆசை இருந்தும் ஒரு புத்தகத்தைத் திறக்கக்கூட மனம் எழமாட்டேன் என்கிறதே, அது ஏன்?"

கேட்டவருக்கு வயது 41. தந்தையார் சுரங்கத் தொழிலாளி. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டபோது இவர் ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் வேலை பயின்றுகொண்டிருந்தார். பயிற்சி முடிந்தது, சான்றிதழ் வந்தது, வேலை வரவில்லை. கிடைத்ததைச் செய்து சில ஆண்டுகள் கழித்தபின், பெங்களூரில் ஒரு தொழிற்சாலையின் வாயிலில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்து 11 ஆண்டுகளாயின. இருள் பிரியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் சென்று, பன்னிரண்டு மணி நேரம் வாயிலில் நின்று, வந்துபோன வண்டிகளின் எண்களைப் பதிவேட்டில் எழுதி, இரவில் வீடு திரும்புவது அவர் வாழ்க்கை. செக்குமாடு நடக்கும் தூரத்தை நீட்டி வைத்தால் ஊர்கள் பல கடந்திருக்கும்; ஆயினும் அது நிற்குமிடம் செக்கடியே. அவர் தம் நிலையை விளக்கக் கூறிய உவமை இது, நாம் கூறியதன்று.

அன்று நாம் அளித்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. உடனே இவ்விதழில் விரித்து எழுதலாமென்று எண்ணினோம். எனினும், சொல்லும் விடை ஒரு மனிதனுடைய நாட்களில் நிற்குமா நிற்காதா என்று கண்ட பின் எழுதுவதே முறையெனத் தோன்றியமையால் இதுகாறும் காத்திருந்தோம்.

முதற் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். பாளி மொழியில் துக்கத்தின் காரணமாகக் கூறப்படுவது 'தண்ஹா'. அதனைத் தமிழில் வேட்கை என்றோ அவா என்றோ கூறுதல் பொருந்தும். ஒன்றைச் செய்யவேண்டுமென எழும் விருப்பத்திற்குப் பெரும்பாலும் வழங்கும் சொல் வேறு. அது 'சந்த' என்பது. இச்சொல் தீய விருப்பத்திற்கும் சிலவிடங்களில் வழங்குமாயினும், கருமத்தை நிறைவேற்றும் நான்கு அடிப்படைகளாகிய இத்திபாதங்களுள் முதலில் வைத்து எண்ணப்பட்டதும் இதுவே. விருப்பம், முயற்சி, சித்தம், ஆராய்ச்சி என்பன அந்நான்கு. விருப்பமே கூடாதெனப் பகவன் கருதியிருந்தால், அதனை முதற்படியாக வைத்திரார். நம்மவர் 'ஆசை' என்னும் ஒரே சொல்லால் இவ்விரண்டையும் வழங்குவதனாலேயே இக்குழப்பம் நேர்கிறது. தமிழிற் பாடஞ் சொல்லும் நம்மைப் போன்றோர்க்கும் இதிற் பங்குண்டு. கூட்டங்களில் 'ஆசையை ஒழி' என்று கூறிவிட்டு மேலே போய்விடுகிறோம்.

இதே ஐயம் அக்காலத்திலும் எழுந்ததுண்டு. கோசம்பி நகரத்துக் கோசிதாராமத்தில் ஆனந்தத் தேரர் தங்கியிருந்தபோது, உண்ணாபன் என்னும் பிராமணன் அவரை அணுகி, எதன் பொருட்டு இந்தத் துறவு வாழ்க்கை என வினவினான். விருப்பத்தை நீக்குதற் பொருட்டு என்றார் தேரர். அதற்கு வழி யாதென்று கேட்டபோது, இத்திபாதங்களை வளர்த்தலே வழியென விடையிறுத்தார். உண்ணாபன் கூர்மையுடையவன். விருப்பத்தைக்கொண்டே விருப்பத்தை நீக்குவதென்றால் அதற்கு முடிவே இராதே என்றான். தேரர் அவனையே ஒரு கேள்வி கேட்டார்: இந்தச் சோலைக்கு வரவேண்டுமென்னும் விருப்பம் உனக்கு முன்னர் இருந்ததா? இருந்தது என்றான். வந்து சேர்ந்தபின் அவ்விருப்பம் எங்கே? அடங்கிவிட்டது என்றான். அவ்வளவுதான்.

இந்த எடுத்துக்காட்டில் நாம் காணத்தக்கது ஒன்றுண்டு. சோலைக்கு வரும் விருப்பத்திற்கு ஓரிடம் இருந்தது; அவ்விடத்தை அடைய நடந்தவுடன் அது தீர்ந்தது. வேட்கைக்கோ இடமில்லை. 'நான் பெரியவனாக வேண்டும்', 'இந்த நிலை எனக்குத் தகாது' என்று அது சுழன்றுகொண்டேயிருக்கும். ஓரடியும் எடுத்து வைக்காது. நம் உபாசகர் பதினோராண்டு காலமாக வேறு வேலையை விரும்பியதாகக் கூறினார். எந்த வேலை என்று கேட்டோம். அவர் விடை கூறவில்லை. கூறத் தெரியவில்லை என்பதே உண்மை. அங்கிருந்தது சோலைக்குச் செல்லும் விருப்பமன்று.

நிற்க. மனம் எழாமைக்குச் சோம்பலே காரணமெனக் கூறுவோர் பலர். தங்கவயலைச் சோம்பலின் ஊரென்று சொல்ல எவருக்கும் நா எழாது. 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனியார் வந்து சுரங்கம் தோண்டத் தொடங்கியது முதல், வடஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற நம் மக்கள் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் வெப்பத்திலும் பாறைவெடிப்பிலும் உழைத்தனர். அவர்கள் எடுத்துக் கொடுத்த பொன் ஏறக்குறைய 800 டன். அவ்வுழைப்பாளர் நடுவேதான் அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் தழைத்தன. அவர் தொடங்கிய 'தமிழன்' இதழ் அவர் மறைவுக்குப்பின் 1920-களில் இவ்வூரிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. பாறையைக் குடைந்துவிட்டு வந்த கைகளே அவ்விதழையும் பிரித்துப் படித்தன.

எனினும் அவ்வூரின் வாழ்க்கையில் ஒரு வழக்கம் ஊறியிருந்தது. தந்தை இறங்கிய சுரங்கத்தில் மகனும் இறங்குவான். வேறு தொழிலைப் பற்றி வீட்டில் பேச்செழாது. சம்பளமும் லைன் வீடும் இருந்த காலத்தில் இதன் தீமை தெரியவில்லை. 2001-இல் கதவு மூடியபோது தெரிந்தது. தொழிலானது பிறப்போடு வருவதென்று சாதி சொல்லிற்று. சாதியை விட்டு வந்த நாமும், தொழிலானது வாய்த்தபடி வருவதென்று எண்ணிக்கொண்டிருந்தோம். வாசெட்ட சுத்தத்தில் பகவன் இதனைத் தெளிவாக மறுக்கிறார். உழுபவன் உழவனாவதும், கைத்தொழில் செய்பவன் தொழிலாளனாவதும், வாணிகம் செய்பவன் வணிகனாவதும் செய்யுஞ் செயலாலேயன்றிப் பிறப்பினால் அன்று என்பது அதன் கருத்து. பிராமணன் பிறப்பாலாவதில்லை என்னும் பகுதியையே நாம் மேடைகளில் எடுத்துக் காட்டுகிறோம். உழவனும் தொழிலாளனும் பிறப்பாலாவதில்லை என்னும் பகுதி நமக்கு அதனினும் அணுக்கமானது. வேறு செயலைப் பயின்றவன் வேறு தொழிலனாகிறான். இதற்கு இடையில் விதி என்று ஒன்று நிற்கவில்லை.

ஆயின், மனம் எழாமைக்குக் காரணந்தான் என்ன? அவரோடு மூன்று ஞாயிற்றுக் கிழமைகள் பேசியதில் இரண்டு தெரியவந்தன.

ஒன்று நாணம். தொழிற்சாலைக்குள் பணிபுரியும் இளைஞர் இவரை 'அண்ணா' என்று மரியாதையாகவே அழைக்கின்றனர். அவர்களிடம் சென்று, எனக்கு இது தெரியாது, சொல்லிக்கொடு என்று கேட்க நாவெழவில்லை. தாமும் ஃபிட்டர் பயின்றவரே என்பதை அவர்களில் எவருக்கும் பதினோராண்டாக அவர் சொன்னதேயில்லை.

மற்றொன்று, தொடங்கிய பாடம் அளவுக்குப் பெரிதாயிருந்தமை. இரண்டாண்டுகளுக்கு முன் கம்ப்யூட்டர் வகுப்பொன்றிற் பெருந்தொகை கட்டிச் சேர்ந்திருக்கிறார். எழுத்துக்களைத் தட்டவே விரல் வராதவரை, கணக்குப் பதிவு முறையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டனர். மூன்றாம் வாரத்தோடு நின்றார். பணம் போயிற்று, 'எனக்குப் படிப்பு ஏறாது' என்னும் முடிவு மட்டும் மிஞ்சியது.

இவ்விடத்தில் சூளபந்தகருடைய வரலாற்றை நினைவுகூர்தல் வேண்டும். அண்ணனாகிய மகாபந்தகத் தேரர் இவருக்கு நான்கடிப் பாட்டொன்றைக் கொடுத்து மனனஞ் செய்யச் சொன்னார். நான்கு மாதங்களாயின, பாட்டு நெஞ்சில் நிற்கவில்லை. புதிய அடியைக் கற்கும்போது பழைய அடி மறந்துபோயிற்று. இவனால் ஆகாதென்று அண்ணன் மடத்தைவிட்டு வெளியேறச் சொல்லிவிட்டார். அழுதுகொண்டு செல்லும் வழியில் பகவன் அவரைக் கண்டு, தூயதோர் வெண்டுணியைக் கையிற் கொடுத்து, கிழக்கு நோக்கி அமர்ந்து, அழுக்கு நீங்குக என்று கூறியவாறே தடவிக்கொண்டிருக்கச் செய்தார். தடவத் தடவத் துணி மாசடைந்தது. தூயதாயிருந்தது மாசடைவதைக் கண்ட அளவில், பொருள்களின் நிலையாமையை அவர் உள்ளம் பற்றிக்கொண்டது. அன்றே அருகத நிலையை எய்தினார் என்பது கதை.

இக்கதையைப் பெரும்பாலோர் சூளபந்தகரின் பெருமைக்காகச் சொல்வர். நாம் அதில் காண்பது ஆசிரியரின் வேறுபாடு. மாணவன் மாறவில்லை, பாடம் மாறிற்று. காதினாற் கற்க இயலாதவனுக்குக் கையினாற் கற்கும் பாடம் கொடுக்கப்பட்டது. நான்கு மாதம் தோற்றவன் தன்னை மூடன் என்று முடிவு கட்டியிருந்தான், அம்முடிவுதான் பொய். அண்ணன் தீயவரல்லர், அறிஞர். ஆனால் தாம் கற்ற வழியைத் தவிரப் பிறிதொரு வழி உண்டென்பது அவருக்குத் தோன்றவில்லை. இன்றைய பயிற்சி நிலையங்கள் பலவற்றில் மகாபந்தகர்களே நிறைந்திருக்கின்றனர். அவர்கள் கட்டணமும் வாங்குகின்றனர் என்பதே வேறுபாடு.

இனி, எதனைத் தொடங்குவது? சூளபந்தகரின் வரலாற்றோடு சேர்த்தே ஜாதக நூலில் மற்றொரு கதையும் சொல்லப்படுகிறது. காசியிற் சூளகசேட்டி என்னும் செல்வர் தெருவிற் கிடந்த செத்த எலியைச் சுட்டி, அறிவுள்ள இளைஞன் இவ்வெலியை முதலாகக்கொண்டே பிழைத்துக்கொள்ளலாம் என்றார். அது கேட்ட ஏழை இளைஞன் ஒருவன் எலியை எடுத்துச் சென்று, பூனைக்கு இரையாகச் சிறு காசொன்றுக்கு விற்றான். அக்காசுக்கு வெல்லம் வாங்கினான். குடத்தில் நீர் மொண்டான். காட்டிற் பூப்பறித்துக் களைத்து வருவோர்க்கு வெல்லமும் நீரும் கொடுத்தான். அவர்கள் ஆளுக்கொரு பிடிப் பூக் கொடுத்தனர். பூவை விற்றான். புயலடித்த நாளில் அரசனது சோலையில் விழுந்த கிளைகளைச் சிறுவரைக்கொண்டு திரட்டிக் குயவனுக்கு விறகாக விற்றான். இவ்வாறு படிப்படியாக வளர்ந்து, இறுதியில் அச்செல்வருக்கே மருமகனானான். குதிரை வணிகன் வருவதறிந்து புல்லறுப்போரைத் தம் புல்லை விற்காமல் நிறுத்திவைத்துத் தன் புல்லை மட்டும் ஆயிரத்துக்கு விற்றானென ஒரு பகுதியும் அதில் வருகிறது. அது நமக்கு உவப்பாயில்லை, அதனை விட்டுவிடுவோம். எலி நமக்குப் போதும்.

உம்மிடம் உள்ள செத்த எலி யாது என்று அவரைக் கேட்டோம். சிரித்தார். அடுத்த ஞாயிறு ஒரு பையுடன் வந்தார். அதில் 2003-ஆம் ஆண்டுச் சான்றிதழ், துருவேறிய எஃகு அளவுகோல், வெர்னியர் காலிப்பர் ஒன்று ஆகியவை இருந்தன. காலிப்பர் நல்ல நிலையிலிருந்தது. அதைக் கொண்டு மில்லிமீட்டரில் 50-இல் ஒரு பங்கு, அதாவது 0.02 மில்லிமீட்டர் வரையில் அளக்கலாம். அளந்து காட்டும் என்றோம். கூட்ட அறையின் கதவுத் தாழ்ப்பாளை அளந்தார். பெரிய கோட்டைப் படித்தார். சிறிய கோட்டில் எந்தக் கீற்று நேர்படுகிறதென்று பார்க்கத் தெரியாமல் திகைத்தார். பதினோராண்டில் மறந்தது அவ்வளவே. கால் மணி நேரத்தில் கை அதனை நினைவுகூர்ந்தது. புதிதாகக் கற்பதினும் மறந்ததை மீட்பது எளிது. ஆதலின், ஏதேனும் ஒன்றை என்றோ கற்றவர்கள் அதிலிருந்தே தொடங்குக என்போம்.

இரண்டாவது எலி நமக்கே வியப்பாயிருந்தது. அவர் கன்னடம் சரளமாகப் பேசுவார். பிறந்து வளர்ந்தது கர்நாடகத்தில். ஆனால் கன்னட எழுத்துத் தெரியாது. தமிழ்ப் பள்ளியிற் படித்தவர். தங்கவயலில் இந்நிலையிலுள்ள நம்மவர் எத்தனையோ பேர். தொழிற்சாலை அறிவிப்புப் பலகையில் வேலை காலியென்று கன்னடத்தில் எழுதி ஒட்டினால், அதனடியில் நின்று காவல் காப்பவருக்கு அது தெரியாது. இதனை அவர் ஒரு குறையாகவே எண்ணியதில்லை. பேசத் தெரிகிறதே என்றிருந்துவிட்டார்.

தமிழறிந்தவர்க்குக் கன்னட எழுத்து மலையன்று. தமிழில் க முதல் ம வரையிலுள்ள வருக்க எழுத்துக்கள் பத்து. கன்னடத்தில் அவ்விடத்தில் ஐந்து வருக்கங்களில் ஐந்தைந்தாக 25 எழுத்துக்கள். பாளியிலும் அதே 25. நாம் 'புத்தம் சரணம்' என்று தமிழெழுத்திற் படிக்கும்போது பகரம் எவ்வாறு ஒலிக்கும், தகரம் எவ்வாறு ஒலிக்கும் என்று எழுத்துக் காட்டுவதில்லை. காதாற் கேட்டே கற்கிறோம். கன்னட எழுத்தைக் கற்றவர் பாளி ஒலிகளையும் எழுத்தில் வேறுபடுத்திக் காண வல்லவராகிறார். வயிற்றுக்காகக் கற்பது வழிபாட்டுக்கும் உதவுகிறதென்பதைக் கேட்டபோதுதான் அவர் முகத்தில் முதன்முதலாக ஒளி கண்டோம்.

எவ்வளவு நேரம் கற்பது? அவர் உடனே, தினமும் இரவு இரண்டு மணி நேரம் படிக்கிறேன் என்றார். இதனை நாம் ஏற்கவில்லை. ராஜகிருகத்துச் சீதவனத்தில் சோணர் என்னும் செல்வப் பிள்ளை துறவு பூண்டு, பாதம் வெடித்துக் குருதி கசியுமளவும் நடந்து முயன்றார். பயன் காணாமையால், வீட்டில் பொருள் இருக்கிறது, திரும்பிப் போய்த் தானம் செய்து வாழலாமே என்று எண்ணத் தொடங்கினார். அளவுக்கு மிஞ்சிய முயற்சியின் முடிவு இதுவேயாகும். அது சோம்பலிற் கொண்டுபோய் விடும். பகவன் அவரிடம் வந்து, நீ இல்லறத்தில் வீணை வாசித்தவனன்றோ என்று கேட்டு, நரம்பு மிக முறுகினாலும் இசை எழாது, மிகத் தளர்ந்தாலும் எழாதென்பதை அவர் வாயாலேயே சொல்லவைத்தார். சோணருக்குச் சொல்லப்பட்ட உவமை சோணர் அறிந்த வீணையிலிருந்தே எடுக்கப்பட்டது என்பதைக் கவனிக்க.

பதினாறு மணி நேரம் வீட்டுக்கு வெளியே நிற்பவன் இரவில் இரண்டு மணி நேரம் படிப்பதென்பது முறுகிய நரம்பு. நான்காம் நாள் அறும். ஆதலால் ரயிலையே அளவுகோலாகக் கொண்டோம். வண்டி மாரிக்குப்பத்திலேயே புறப்படுவதால் அங்கே ஏறுபவர்க்கு இருக்கை கிடைக்கும். அங்கிருந்து சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் நிலையங்களைக் கடந்து பங்காரப்பேட்டை சேர ஏறக்குறைய அரைமணியாகும். பங்காரப்பேட்டையிற் கூட்டம் ஏறிவிடும். பிறகு புத்தகம் விரிக்க இயலாது. அந்த அரைமணியே பாடவேளை. அதற்கு மேற் படிக்கலாகாதென்று கண்டிப்பாகக் கூறினோம். நாளொன்றுக்கு இரண்டு எழுத்து. பங்காரப்பேட்டைக்குப் பின், டேகல், மாலூர், ஒயிட்ஃபீல்டு என்று வரும் பெயர்ப் பலகைகளில் அன்று கற்ற எழுத்து உளதா எனத் தேடுதல், அவ்வளவே.

முதல் மாதத்தில் ஊக்கம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. மூன்று முறை நிறுத்தினார். ஒருமுறை ஒன்பது நாள் புத்தகம் பையிலேயே கிடந்தது. ஊக்கம் வந்தபின் கற்கலாமென்று இருப்பவர்க்கு நாம் சொல்லத்தக்கது இந்த ஒன்பது நாட்களின் முடிவில் நடந்ததையே. பத்தாம் நாள் அவர் மனம் எழுந்து படிக்கவில்லை, பக்கத்து இருக்கையிலிருந்த பள்ளி மாணவன், "எந்த எழுத்து வரைக்கும் வந்தீங்க மாமா?" என்று கேட்டதால் படித்தார். விருப்பம் முயற்சிக்கு முன்னே நிற்கிறதென்று இத்திபாத வரிசையிற் கண்டோம். ஆனால் நான்கும் ஒன்றையொன்று வளர்ப்பன. சிறு முயற்சி சிறு பயனைக் காட்டுகிறது. அப்பயன் விருப்பத்தைத் தூண்டுகிறது. மாலூர்ப் பலகையை முழுதும் படித்த நாளன்று அவர் யாருடைய தூண்டுதலுமின்றி மறுபக்கத்தைத் திருப்பினார்.

அந்த மாணவனைப் போன்றோரையே சுத்தங்கள் கல்யாணமித்திரர் என்கின்றன. நன்னட்பு பிரமசரியத்திற் பாதி என்று ஆனந்தர் சொன்னபோது, பாதியன்று, முழுதுமே அதுதான் எனப் பகவன் திருத்தினார். நம் சங்கங்கள் இதில் எவ்வளவு குறைவாக இருக்கின்றன என்பதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. வைசாகத்துக்குப் பந்தல் போடப் பத்துப் பேர் வருகின்றனர். ஒருவர் கற்றதை மற்றொருவர்க்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பெஞ்சியும் விளக்கும் போட எவரும் வருவதில்லை. பள்ளியை இடையில் விட்ட பெண்கள் நம்மிற் பலர். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 1989-இல் நிறுவப்பட்டது. அதில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுத வயதின் மேல்வரம்பு கிடையாது. இதனை நம் கூட்டங்களில் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? நாமும் இவ்வாண்டுதான் சொன்னோம்.

கற்றலுக்கு முடிவெப்போது என்னும் கேள்வியையும் அவர் இடையிற் கேட்டார். அதைக் கேட்ட முதல் மனிதர் அவரல்லர். குப்பைமேட்டிற் குழந்தையாகக் கிடந்து, அபய ராஜகுமாரனால் எடுத்து வளர்க்கப்பட்ட ஜீவகர், அரச குடும்பத்தில் ஒரு தொழிலறியாதவன் பிழைத்தல் அரிதென்று தாமே உணர்ந்து, சொல்லாமற் கொள்ளாமல் தக்கசீலம் சென்று மருத்துவம் பயின்றார். ஏழாண்டு கழிந்தபின், இக்கல்விக்கு முடிவு தெரியவில்லையே என்று ஆசிரியரிடம் சென்று கேட்டார். ஆசிரியர் விடை சொல்லவில்லை. மண்வெட்டியுடன் சென்று நகரைச் சுற்றி ஒரு யோசனைத் தூரத்தில் மருந்தாகாத பூண்டு ஏதேனும் இருந்தால் கொண்டுவா என்று அனுப்பினார். சுற்றிவிட்டு வெறுங்கையுடன் வந்து, மருந்தாகாதது எதையும் காணவில்லை என்றார் ஜீவகர். பிழைப்புக்கு இது போதும் என்று சிறிது வழிச்செலவு கொடுத்து அனுப்பிவிட்டார் ஆசிரியர். முழுதும் கற்றாய் என்று அவர் சொல்லவில்லை என்பது கருதத்தக்கது. அவ்வழிச்செலவும் சாகேதத்தில் தீர்ந்துபோயிற்று; ஏழாண்டு தலைநோயில் வருந்திய ஒரு சேட்டியின் மனைவியைக் குணப்படுத்தித்தான் ஜீவகர் மேலே நடக்க முடிந்தது.

இனி, உபாசகரின் இன்றைய நிலை. வெர்னியரை மீட்டபின் மைக்ரோமீட்டரையும், அதன்பின் வரைபடம் படிப்பதையும் தொழிற்சாலையின் பராமரிப்புப் பகுதி இளைஞர் ஒருவரிடம் கற்றார். நாணத்தை விட்டு முதன்முறை கேட்டபோது அந்த இளைஞர், "அண்ணா, நீங்க ஃபிட்டரா? சொல்லவே இல்லையே" என்றாராம். வார விடுமுறை நாட்களில் அவரோடு நின்று இயந்திரம் பிரிப்பதைப் பார்த்தார். கன்னட அறிவிப்பைத் தாமே படித்து, தாமே விண்ணப்பமும் எழுதினார். சென்ற மாதம் பராமரிப்புப் பகுதியில் உதவியாளராக வருவீரா என்று கேட்டிருக்கின்றனர்.

இங்கேதான் சிக்கல். உதவியாளருக்கு எட்டு மணி நேர வேலை. ஆதலின் பன்னிரண்டு மணி நேரக் காவற்பணிக்குக் கிடைப்பதைவிடச் சம்பளம் குறைவு. மகள் பி.யூ.சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மனைவியார் வேண்டாமென்கிறார், அவர் கூறுவதை நாம் குறைகூற இயலாது. கோலியர் ஊராகிய கக்கரபத்தத்தில் தீகசாணு என்னும் இல்லறத்தான், மனைவி மக்களோடு வாழும் எங்களுக்கேற்ற அறத்தைச் சொல்லவேண்டுமெனக் கேட்டபோது, பகவன் இம்மைக்கு நான்கு கூறினார். தொழிலில் வல்லமையும் சோம்பாமையும் வழிகளை ஆராயும் அறிவும் கூடிய முயற்சி முதலாவது. ஈட்டியதைக் காத்தலும் நன்னட்பும் அடுத்தவை. நான்காவது சமஜீவிதம், தராசு பிடிப்பவன் தட்டின் தாழ்வுயர்வைப் பார்ப்பதுபோல வரவையும் செலவையும் பார்த்து வாழ்தல். முதலாவதை மட்டும் படித்துவிட்டு வேலையை உதறுபவர்க்கும், நான்காவதை மட்டும் படித்துவிட்டு அசையாதிருப்பவர்க்கும் நாம் சொல்வது, அந்நான்கும் ஒரே நாளில் ஒரே மனிதனுக்குச் சொல்லப்பட்டவை என்பதே.

கணவனும் மனைவியும் நமது அறையில் அமர்ந்து ஒரு தாளில் கணக்கெழுதினர். ரயில் பாஸ், வீட்டு வாடகை, மகளின் கட்டணம், சங்கச் சந்தா வரையில் எழுதினர். சந்தாவை அடித்துவிடச் சொன்னோம், அம்மையார் மறுத்துவிட்டார். மாதந்தோறும் எவ்வளவு குறையுமென்று தெரிந்தது. மகளின் தேர்வு மார்ச்சில் முடியும்வரை பொறுக்க இயலுமா என்று தொழிற்சாலையிற் கேட்பதென முடிவாயிற்று. பொறுப்பதாக மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார், எழுத்தில் தரவில்லை. இதற்கிடையே அவர் காலை வண்டியில் மாரிக்குப்பம் முதல் பங்காரப்பேட்டை வரை படிப்பதை நிறுத்தவில்லை. இப்போது கையிலிருப்பது கன்னடப் பத்திரிகை. எதிர் இருக்கையில், அவரைப் பார்த்துப் பழைய எழுத்துப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிய வேறிருவர் இருக்கின்றனர்; ஒருவர் வீட்டுவேலைக்குச் செல்லும் அம்மையார். அவர் இன்னும் இரண்டாம் வருக்கத்திலேயே இருக்கிறார்.